பட்டாசுச் சத்தத்தில் பிரசங்கம் தேடுவது

தீபாவளி நெருங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் ஒருவகைச் செய்தியை அடிக்கடி கேட்கலாம். ஒரு நொடி வெடித்துக் கரியாகும் பட்டாசு உலக இன்பம். அணையாத ஒளி கிறிஸ்து. புத்தாடை இரட்சிப்பின் வஸ்திரம். எண்ணெய்க் குளியல் பாவமன்னிப்பு. நரகாசுரன் கதை, சிலுவையில் சாத்தான் தோற்றதன் நிழல். அன்று காலை சபையாரின் கைப்பேசிகளில் 'இன்றைய தியானம்' என்று வலம் வருவதும் பெரும்பாலும் இதுதான். பல சபைகள் அந்த விடுமுறையிலேயே உபவாச ஜெபம் வைக்கின்றன. வெளியே சரவெடி, உள்ளே முழங்கால். போதகர் ஒலிவாங்கியைச் சற்று உயர்த்தி, வெளிச் சத்தத்தையே செய்திக்கு உதாரணமாக்குவார்.

பிறர் கொண்டாடும் ஆரவாரமான பண்டிகை ஒன்றிலிருந்து தன் விசுவாசத்துக்குப் பாடம் எடுக்கும் இந்தப் பழக்கத்தைச் சிலர் விரிந்த மனம் என்று மெச்சுகிறார்கள். வேறு சிலர் அது சமரசம் என்கிறார்கள். பண்டிகையைக் கொண்டாடுபவர்களில் சிலருக்கு அது தங்கள் வீட்டுப் பொருளை எடுத்து இன்னொருவர் விலை ஒட்டுவது போலத் தோன்றுகிறது. மூன்று கருத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் எந்த ஊரில், யார் முன்னால் அந்தப் பாடம் சொல்லப்படுகிறது என்று பார்க்காமல் அதை எடைபோட முடியாது. நான் திருப்பூர் மாவட்டத்துப் பல்லடத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டு முழுவதும் விசைத்தறி இரைச்சலில் பிழைப்பு நடத்தும் ஊர் அது. பண்டிகைச் சத்தத்தைப் பற்றிய எந்த உபதேசமும் அங்கே கொஞ்சம் கடினமான சோதனைக்கு உள்ளாகும்.

திருவிழா நடுவே நின்றவர்

இந்தப் பழக்கத்துக்கு மிகப் பெரிய ஆதாரம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. இயேசு தம்மை உலகத்துக்கு ஒளி என்று சொன்னது யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில். அதற்கு முந்திய அதிகாரம் முழுவதும் எருசலேமில் நடந்த கூடாரப்பண்டிகையைச் சுற்றியே ஓடுகிறது. அந்தப் பண்டிகை எப்படிப்பட்டது என்பதை யூத மரபு நூலான மிஷ்னா விவரிக்கிறது. ஆலயத்தில் பெண்களின் முற்றத்தில் உயரமான விளக்குத் தண்டுகள் ஏற்றப்படும். ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்துத் திரித்து அவற்றுக்குத் திரி போடுவார்கள். இரவெல்லாம் குழலும் தாளமும் எக்காளமும் முழங்கும். பெயர்பெற்ற பக்திமான்களே தீப்பந்தங்களைச் சுழற்றிக்கொண்டு ஆடுவார்கள். பனியன் வேஸ்ட்டுக்கும் ஒரு சந்தை இருக்கும் திருப்பூர் வட்டாரத்துக்காரருக்கு, கிழிந்த உடை விளக்குத் திரியான செய்தி சட்டென்று பிடிபடும்.

ஆக, ஆரவாரமான ஒரு விழாவின் விளக்கையும் தண்ணீரையும் எடுத்து ஆன்மிகப் பொருள் சொன்னதில் இயேசுவே முன்னோடி. அவர் அமைதியான அறைக்குள் ஒதுங்கி அதைச் சொல்லவில்லை; தண்ணீரைப் பற்றிய சொல்லைப் பண்டிகையின் கடைசி நாளில் எழுந்து நின்று சத்தமிட்டே சொன்னார் என்கிறது நற்செய்தி.

இதே ஆதாரத்தில்தான் பழக்கத்துக்கான முதல் எச்சரிக்கையும் உள்ளது. கூடாரப்பண்டிகை இயேசுவின் சொந்த மக்களுடைய பண்டிகை. சிறு வயது முதல் அதில் கலந்தவராக, அதன் சடங்குகளின் வரிசை அறிந்தவராக அவர் பேசினார். கேட்டவர்களும் அதே விழாவுக்கு வந்தவர்கள். தெருவுக்கு மறுபுறம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பண்டிகைக்குப் பொருள் சொல்வதற்கு இந்த அதிகாரம் அப்படியே துணை வராது.

பிறருடைய வழிபாட்டிலிருந்து பேச்சைத் தொடங்கியவர் என்றால் பவுலைத்தான் சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில், ஏதென்சில் அறியப்படாத தேவனுக்கென்று எழுதிய பலிபீடம் ஒன்றைக் கண்டு அதிலிருந்தே பிரசங்கத்தைத் தொடங்குகிறார். ஆனால் அதற்கு முன் அவர் நகரத்தைச் சுற்றி வந்திருக்கிறார். அவர்கள் வணங்கியவற்றைக் கவனித்துப் பார்த்ததாக அவரே சொல்கிறார். அந்நாட்டுக் கவிஞர்களையும் அறிந்து வைத்திருக்கிறார். பேசியதும் அவர்களுடைய முகத்துக்கு நேரே. கேள்வி கேட்கவும் கேலி செய்யவும் அவர்களுக்கு இடம் இருந்தது. கேலி செய்யவும் செய்தார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து ஓர் அளவுகோலைத் தருகின்றன. பாடம் எடுப்பவர் பண்டிகைக்கு உள்ளே நின்றிருக்க வேண்டும். அல்லது அதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். கொண்டாடுபவர் காதில் விழும்படி சொல்லக்கூடிய பாடமாகவும் அது இருக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இந்தப் பழக்கம்

தமிழ்க் கிறிஸ்தவம் இந்தக் கேள்வியை நானூறு ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, உள்ளூர் வழக்கங்களில் எதைச் சமயம் என்று விலக்குவது, எதைச் சமூக வழக்கம் என்று வைத்துக்கொள்வது என்று பிரித்துப் பார்த்தார். அவருடைய முறையை 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பெரும்பாலும் அனுமதித்தார். பிறகு காற்று திசைமாறியது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை பல வழக்கங்களைத் தடைசெய்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த விவாதத்தை முடித்துவைத்தார். தூர்னோன் தடைகளில் நம் தலைப்போடு நேரே தொடர்புள்ள ஒன்று உண்டு. கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் விழாக்களில் போய் வாசிக்கக் கூடாது என்பது அது. இறையியல் நோக்கில் அது தெளிவான ஆணை. ஆனால் விழாக்களில் கொட்டும் குழலும் வாசித்துத்தான் அந்த மனிதர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது. பண்டிகைச் சத்தத்தைத் தூரத்திலிருந்து தீர்ப்பிடும்போது, அந்தச் சத்தத்தை உண்டாக்கும் கை யாருடையது என்பது கண்ணில் படாமல் போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இன்னொரு பக்கம், கொண்டாட்ட வடிவங்களை உரிமையோடு எடுத்துக் கையாண்டவர்களும் இருந்தார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஆட்டமும் பாட்டும் நிறைந்த குறவஞ்சி வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சியின் கூச்சலைக் குறைசொல்லி அதிலிருந்து நீதி எடுக்கவில்லை. அந்த வடிவத்துக்குள் இறங்கி, அதன் விதிகளுக்கு உட்பட்டே பாடினார். இன்று பல கத்தோலிக்கக் கோயில் முற்றங்களில் தைப்பொங்கலன்று பானை வைப்பதும் அந்த வகைதான். பொங்கலில் கிறிஸ்தவர்களுக்குக் கலந்துகொள்ளும் இடம் கிடைத்துவிட்டது. தீபாவளியில் அது கிடைக்கவில்லை. நரகாசுரன், கிருஷ்ணன், சத்தியபாமா என்று கதையே சமயத்தோடு பின்னிக் கிடப்பதால் அங்கே பங்கேற்பு இல்லை, பார்வை மட்டும்தான். கலந்துகொள்ள முடியாத இடத்தில் பிரசங்கம் பெருகுகிறது.

பண்டிகைக்கு வேறு பொருள் சொல்வது கிறிஸ்தவர்களின் தனி வழக்கமன்று என்பதையும் சொல்ல வேண்டும். சமணர்களுக்கு அது மகாவீரர் வீடுபேறடைந்த நாள். அயோத்திதாசர் (1845–1914) தீபாவளியைப் பௌத்த நோக்கில் விளக்கி, எள் நெய்யின் பயனை மக்கள் கண்டறிந்ததோடு தொடர்புபடுத்தினார். திராவிட இயக்கம் நரகாசுரனின் பக்கம் நின்று கதையைத் திருப்பிப் படித்தது. இத்தனை வாசிப்புகளுக்கு இடம்கொடுத்த நாளில் இன்னொரு வாசிப்பு சேர்வதால் பண்டிகை குறைந்துவிடாது. அந்த வாசிப்பு எவ்வளவு நேர்மையானது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதனால் வரும் நன்மை

குறைகளை அடுக்குமுன் பழக்கத்தின் பலனை மறைக்காமல் சொல்லிவிடலாம்.

ஒரு லைன் வீட்டில் பத்துக் குடும்பங்கள் என்றால், அதில் ஒன்றோ இரண்டோ கிறிஸ்தவக் குடும்பமாக இருக்கும். விடியுமுன்னே எல்லா வாசலிலும் வெடிச் சத்தம். தன் வீட்டுப் பிள்ளை மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு 'நமக்கு அது கிடையாது' என்று மட்டும் சொன்னால் அது வெறுப்பாக வளரும். அல்லது ஏக்கமாக வளரும். அந்த நாளுக்குள் தன் விசுவாசத்துக்கும் ஒரு சேதி உண்டு என்று சொல்லித்தந்தால், பண்டிகை பகையாகத் தெரியாது. இதை நான் சிறிய நன்மையாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு விளக்கில் அழகைக் காணக் கற்ற பிள்ளை, பக்கத்து வீட்டாரையும் காணக் கற்கும்.

அடுத்த நன்மை பலகாரத் தட்டில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து நீட்டும்போது வாங்கலாமா கூடாதா என்பது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் உயிருள்ள கேள்வி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் பவுல் இதே கேள்வியை, விக்கிரகங்களுக்குப் படைத்த உணவை முன்வைத்து விவாதிக்கிறார். அவருடைய விடை சட்டப் பட்டியல் கிடையாது. எதிரில் இருப்பவருடைய மனச்சாட்சியைப் பார்த்து நடந்துகொள்ளச் சொல்லும் பக்குவம் அது. தீபாவளியை ஒட்டி இந்தப் பகுதியை நிதானமாக விளக்கும் பிரசங்கம், சபைக்கு அயலாரோடு வாழும் வழியைக் கற்றுத்தருகிறது.

மூன்றாவது, மொழி. சபைப் பேச்சு எளிதில் தனக்குள் சுருண்டுவிடும். வெளியே நடப்பதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறவர், ஊர் மொழியில் பேசக் கட்டாயப்படுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அந்தச் சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. வத்திக்கானில் சமய உரையாடலுக்கென்று இயங்கும் துறை ஆண்டுதோறும் தீபாவளிக்கு இந்துக்களுக்கு வாழ்த்து அனுப்புகிறது. அந்த வாழ்த்தில் ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. அது இந்துக்களிடம் பேசுகிறது. நம் பிரசங்கங்களில் பல, இந்துக்களைப் பற்றிப் பேசுகின்றன.

பார்க்காமல் சொல்லும் பாடம்

முதல் குறை, கவனமின்மை. தீபாவளிச் செய்திகளில் அகல் விளக்கு வரிசை தவறாமல் வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீடு முழுக்க அகல் ஏற்றி வைப்பது கார்த்திகைத் தீபத்துக்கு. நம் தீபாவளியின் உயிர், விடியலுக்கு முன் எடுக்கும் எண்ணெய்க் குளியலிலும் புதுத்துணியிலும் வெடியிலும் பலகாரத்திலும் இருக்கிறது. மாலையில் விளக்கேற்றி லட்சுமி பூசை செய்வது வடக்கத்தி வழக்கம். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த பல்லடம் பகுதியில் இன்று இரண்டு தீபாவளிகள் நடக்கின்றன. ஒன்று விடியலில் முடிகிறது, மற்றொன்று மறுநாள் மாலையிலோ அதே மாலையிலோ தொடங்குகிறது. பீகார்க்காரர்களுக்கு அதற்கு அடுத்த வாரம் வரும் சத் பூசைதான் பெரிய விசேஷம். எதிரே நடக்கும் பண்டிகை எது என்றே பார்க்காமல் எங்கிருந்தோ வந்த விளக்கு உவமையை நீட்டும்போது, ஏதென்சைச் சுற்றிப் பார்த்த பவுலின் வழி கைவிடப்படுகிறது.

பட்டாசு உவமையும் அப்படித்தான். காசைக் கரியாக்குகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். நாட்டில் தயாராகும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு சிவகாசி வட்டாரத்திலிருந்து வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்து அடைக்கும் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், வெடித்த பிறகு மிஞ்சும் காகிதத்தைப் பற்றி மட்டும் பேசும் நீதி பாதி நீதி. காசு கரியாவதற்கு முன்னால் அந்தப் பட்டாசுக்காக வேறென்னவெல்லாம் கரியானது என்று கேட்டிருந்தால், அதே உவமை வலுவான ஆன்மிகப் பாடமாகியிருக்கும்.

எது இரைச்சல்?

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. இந்தச் செய்திகளில் பெரும்பாலானவை ஒரு சமன்பாட்டை நம்பி நிற்கின்றன: ஆரவாரம் உலகத்துக்குரியது, அமைதி தேவனுக்குரியது. ஓரேப் மலையில் எலியாவுக்குக் காற்றிலும் நில அதிர்ச்சியிலும் தீயிலும் கர்த்தர் இல்லாமல் மெல்லிய சத்தத்தில் வந்த நிகழ்ச்சி (முதலாம் இராஜாக்கள் 19) இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் அதே வேதாகமத்தில் சீனாய் மலையில் இடிமுழக்கத்தோடும் எக்காள முழக்கத்தோடும் அவர் இறங்குகிறார். சங்கீதப் புத்தகம் முடிவதே கைத்தாள ஓசையில். ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் பாடல்களின் இரைச்சலைத் தள்ளச் சொல்லும்போது, அதற்கான காரணம் சத்தத்தின் அளவிலில்லை; நியாயம் ஓடாத ஊரில் பாட்டு மட்டும் ஓடுவதுதான் அங்கே குற்றம். சத்தம் தன்னளவில் பாவமும் அன்று, பரிசுத்தமும் அன்று.

இனி பல்லடத்துக்கு வருவோம். கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி விசைத்தறிகள். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும். தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார். தறிக்குடோனுக்குள் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. உதட்டசைவிலும் கைஜாடையிலும்தான் வேலை நடக்கும். தறிக்கூடங்களின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வகுத்த உச்ச வரம்பே அதுதான். இரைச்சலால் வரும் காதுகேளாமையை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்நோயாகவே பட்டியலிட்டது. சிறு தறிக்குடோன்களில் எத்தனை பேர் காதுக்கு அடைப்பு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதை, உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்தத் தறிகள் மொத்தமாக ஓய்வெடுக்கும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. அவற்றில் முதன்மையானது தீபாவளி. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா முடிந்ததும் தென்மாவட்டத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறுகிறார்கள். அடுத்த சில நாட்களுக்கு ஊர் வெறிச்சோடிக் கிடக்கும். கம்பெனிகள் முழு வேகத்தில் ஓட ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வியாபாரமும் இந்த நாளைச் சுற்றித்தான் சுழல்கிறது. புரட்டாசி முழுக்கச் சோர்ந்து கிடந்த கறிக்கோழி விற்பனை தீபாவளிக்குத் தலைதூக்கும். கொள்முதல் விலை அறிவிப்பு பல்லடத்திலிருந்தே போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிரசங்கத்தின் சமன்பாட்டை மறுபடி பாருங்கள். தறி ஓட்டுபவருக்கு அன்றாடம் காதில் விழும் இரைச்சல் அவர் தேர்ந்தெடுத்தது கிடையாது, பிழைப்புக்காகத் தாங்கிக்கொள்வது. தீபாவளியன்று தறி நிற்கிறது. அந்த நாளில் அவரே தன் கையால் திரியைப் பற்றவைத்து, தன் பிள்ளை கைதட்ட, ஒரு சத்தத்தை உண்டாக்குகிறார். ஆண்டு முழுக்க அவர் கேட்ட சத்தங்களில் அவருக்குச் சொந்தமானது அது ஒன்றுதான். அதைப் பார்த்து 'உலகத்தின் ஆரவாரம்' என்று பெயர் சூட்டி, தறியின் இரைச்சலைப் பற்றி ஆண்டு முழுக்க வாய்திறக்காமல் இருக்கும் பிரசங்கம், இரைச்சல் எது என்பதையே தவறாக அடையாளம் காண்கிறது. அமைதியான வீடு வாய்த்தவர்களுக்கு எழுதிய தியானத்தைத் தறி ஓட்டுபவரிடம் வாசித்தால் இப்படித்தான் ஆகும்.

சொந்த வீட்டுச் சத்தம்

மூன்றாம் குறை, பாடம் ஒருவழிப் பாதையாக ஓடுவது. பட்டாசு ஒலியில் ஆன்மிகக் குறை காணும் அதே சபைகள், டிசம்பர் பிறந்ததும் டெம்போவில் ஒலிபெருக்கி கட்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏற்றி, நள்ளிரவு தாண்டியும் கீதபவனி போகின்றன. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் வாசித்து முடிந்ததும் வாசலில் வெடி போடும் சபைகளும் உண்டு. கருமத்தம்பட்டியில் ஜெபமாலை மாதா கோயில் கொங்கு வட்டாரத்தின் பழைய கிறிஸ்தவத் தலங்களில் ஒன்று. அத்தகைய தலங்களின் தேர்பவனிகளும் மின்விளக்கும் வாத்தியமுமாகத்தான் நடக்கின்றன. நான் இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. கூட்டமாக மகிழும் மனிதர் சத்தமிடுவார். ஆனால் நம்முடைய சத்தம் துதி, அவர்களுடைய சத்தம் மாயை என்று பிரிக்கும்போது பாடம் நேர்மையை இழக்கிறது.

இதில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரு தீர்ப்பு உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் பெந்தெகொஸ்தே சபை ஒன்று ஒலிபெருக்கியும் டிரம்ஸும் வைத்து ஆராதனை நடத்தியது குறித்துக் குடியிருப்போர் நலச் சங்கம் வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30 அன்று வந்த தீர்ப்பு, பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்ற கருத்தில் நின்றது. சமயச் சத்தத்தைப் பற்றி நாட்டின் முன்னோடித் தீர்ப்புகளில் ஒன்று கிறிஸ்தவ ஆராதனையிலிருந்து பிறந்திருக்கிறது. அதேபோல் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரண்டு மணி நேர வரம்பு விதித்தபோது, அந்த உத்தரவிலேயே கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் குறித்தது. தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு வகுத்தது. நீதிமன்றத்தின் பார்வையில் வெடிக்கு மதமில்லை. பிரசங்க மேடையின் பார்வையிலும் இருக்கக் கூடாது.

பண்டிகைச் சத்தத்திலிருந்து பாடம் எடுக்க விரும்புபவர் முதலில் தம் சபையின் கீதபவனி எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்த நோயாளியின் சன்னலுக்குக் கீழே நின்றது என்று யோசிக்கலாம். அன்பில்லாத பேச்சு சத்தமிடும் வெண்கலம் என்று பவுல் சொன்னது எதிர்வீட்டாரை நினைத்து எழுதியது கிடையாது. கொரிந்து சபையாரைப் பார்த்தே எழுதியது.

இருபுறத்து மறுப்புகள்

இந்த விமரிசனத்தைக் கேட்டதும் கண்டிப்பான ஒரு தரப்பு, அதனால்தான் பிற சமயப் பண்டிகையைப் பேச்சிலேயே எடுக்கக் கூடாது என்கிறது. தன் நம்பிக்கையைக் கலப்பில்லாமல் காக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் வாய்மூடியிருப்பதாலேயே யாரும் நடுநிலையில் நின்றுவிடுவதில்லை. வீதி முழுக்க வெடிக்கும் நாளில் சபை ஒன்றும் சொல்லாவிட்டால், பிள்ளைகள் தாங்களே ஒரு பொருளைக் கட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது அயலாரைப் பற்றிய அச்சமாகவோ இளக்காரமாகவோ இருக்கும்.

எதிர்த்தரப்பு மறுப்பு கொண்டாடுபவர்களிடமிருந்து வருகிறது: எங்கள் பண்டிகையை உங்கள் மதப் பிரசாரத்துக்கு முன்னுரையாக்காதீர்கள். இதில் உள்ள உறுத்தல் நியாயமானது. நரகாசுரன் கதையை அப்படியே சிலுவைக் கதையின் முன்னோட்டமாக்கும்போது, அதை நம்புகிறவருக்குத் தன் தெய்வம் வேறொருவர் கதையில் துணைப்பாத்திரம் ஆனதுபோல் இருக்கும். நம் கிறிஸ்துமஸை யாராவது அப்படிச் செய்தால் நமக்கும் உறுத்தும். ஆகையால் கதைக்குக் கதை பொருத்துவதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பண்டிகையின் மனித அனுபவத்தை, அதாவது ஓய்வை, திரும்பிப் போகும் ஊரை, கையில் வந்த காசை, பிள்ளையின் புதுத்துணியை எடுத்துப் பேசலாம். அவை எந்தச் சமயத்தின் தனிச்சொத்தும் ஆகாது. அங்கே சொல்லும் பாடம் எதிர்வீட்டு அக்காவின் காதில் விழுந்தாலும் அவர் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

பல்லடத்துக்கு ஏற்ற பகுதி

அப்படி ஒரு பாடத்துக்கு வேதாகமத்தில் பொருத்தமான பகுதி எது? பல்லடத்தில் பிரசங்கம் செய்பவருக்கு நான் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுவேன். மோசேயும் ஆரோனும் பார்வோன் முன் நின்று வைத்த முதல் கோரிக்கை பண்டிகை விடுமுறைதான். வனாந்தரத்தில் போய்த் தங்கள் தேவனுக்குப் பண்டிகை கொண்டாட ஜனங்களை விடச் சொன்னார்கள். பார்வோனின் பதில் இன்றும் சில கம்பெனி ஆபீஸ்களில் ஒலிக்கும் பதில்தான். சோம்பேறிகள், அதனால்தான் விடுமுறை கேட்கிறார்கள். செங்கல் கணக்கைக் குறைக்காமல், வைக்கோலை மட்டும் அவர்களே தேடிக்கொள்ளச் சொன்னான். விடுதலையின் மாபெரும் கதை லீவு கேட்டதில்தான் தொடங்குகிறது. உழைப்பவன் வேலையை நிறுத்தி மகிழ உரிமை உள்ளவன் என்பது அதன் முதல் அறிவிப்பு.

இந்தப் பகுதியோடு பார்த்தால் தீபாவளி வெடி வேறு மாதிரி கேட்கும். நின்ற தறி ஓய்வுநாளின் சாயலாகும். போனஸ் வெறும் பண்டிகைச் செலவுக்காசாக இருக்காது; உழைத்தவரின் உரிமையாகத் தெரியும். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகம் 20 விழுக்காடு என்று வகுத்தது. பொதுவாகச் சட்டப்படி தொழிற்சாலை எனப்பட்டவற்றுக்கும், இருபது பேருக்குக் குறையாத பிற நிறுவனங்களுக்குமே அது பொருந்தியது. சின்னத் தறிக்குடோன்களில் பல அந்த வரம்புக்குள் வரவில்லை. அங்கே போனஸ் தறிக்காரரின் மனதையும் அவருக்கே வந்து சேர வேண்டிய நெசவுக் கூலியையும் பொறுத்தது. 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்களே தறியை நிறுத்திப் போராடியதை ஊர் மறந்திருக்காது. அறுப்பு அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதினார். தேவன் காதுக்கு எட்டும் சத்தம் எது என்று தேடும் போதகருக்கு அந்த இடமே போதும்.

எஸ்றா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரமும் துணை வரும். புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில் சிலர் மகிழ்ந்து ஆர்ப்பரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரக்க அழுதார்கள். எது மகிழ்ச்சி, எது அழுகை என்று பிரித்தறிய முடியாதபடி சத்தம் வெகுதூரம் கேட்டது. பண்டிகை நாளின் ஆரவாரத்தில் இந்தக் கலப்பு எப்போதும் உண்டு. போனஸ் கிடைத்த வீட்டில் சரவெடி. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத ஒடிசா இளைஞர் அறையில் தனியாக. அட்வான்ஸ் கழித்தபின் கையில் மிச்சமில்லாத வீட்டில், பிள்ளைக்குத் துணி எடுக்க முடியாத தாய். வெளியிலிருந்து கேட்பவருக்கு எல்லாம் ஒரே சத்தம். பிரித்துக் கேட்கப் பழக்குவதே பிரசங்கத்தின் வேலை.

ஆக, என் மதிப்பீடு இது. ஆரவாரப் பண்டிகையில் கிறிஸ்தவப் பாடம் தேடும் பழக்கத்துக்கு வேதாகமத்திலும் தமிழ் மரபிலும் வேர் உண்டு. அது அயலாரோடு வாழும் பக்குவத்தையும், ஊர் மொழியில் பேசும் பழக்கத்தையும் சபைக்குத் தரும். ஆனால் எதிரே நடக்கும் பண்டிகையைக் கவனிக்காமல், இரைச்சல் எது என்று அறியாமல், தன் சத்தத்தை மறந்து சொல்லப்படும்போது அது சமயப் பெருமிதத்தை ஊட்டுவதோடு நின்றுவிடுகிறது. பாடம் யார்மேல் விழுகிறது என்பதை வைத்தே அதை எடைபோடலாம். எதிர்வீட்டார்மேல் மட்டும் விழுந்தால் அது குறை. கேட்பவர்மேலும் சொல்பவர்மேலும் விழுந்தால் அது செய்தி.

பல்லடத்துச் சபைகளில் தறி ஓட்டுபவரும் தறிக்குடோன் வைத்திருப்பவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். போனஸ் பட்டுவாடாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அந்த இருவர் முன்னிலையிலும் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து, பண்டிகைக்கு விடுப்பும் நியாயமான கூலியும் தேவன் கேட்கச் சொன்னவை என்று பேசத் துணியும் போதகருக்குப் பட்டாசு உவமையே தேவைப்படாது.